மருந்து நாளில் உள்ளே வந்த கொத்தமல்லி

இன்று காலை பக்கத்து விடுதிக்காரர்கள் வாய்க்கால் ஓரத்துப் புல்லைக் கொல்ல மருந்து அடித்தார்கள். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு ஆள் நடந்து வந்ததை நான் பார்க்கவில்லை. வாடைதான் முதலில் வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைக்கூடத் துடைக்காமல் பின்வாசலுக்குப் போய்ப் புதினாத் தொட்டியைத் தூக்கிவிட்டேன். பிறகு கொத்தமல்லி, வெங்காயத்தாள், கடைசியாகக் கறிவேப்பிலை. எல்லாம் சமையலறைத் தரைக்கு வந்து சேர்ந்து, கதவையும் சாத்திய பிறகுதான் நின்று மூச்சு வாங்கினேன். முழங்கால் ஒத்துழைக்காத வயதில் இது தேவையா என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவரே நீங்கள்தானே.

நீங்கள் போன பிறகு உங்களோடு பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. புருஷன் படத்துக்கு முன்னால் நின்று புலம்புகிற பெண்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் ஒன்று நடந்தது. அது உங்களைப் பற்றியது. உங்களுக்குத் தெரிவிக்காமல் வைத்துக்கொள்வது முறையல்ல. ஆகவே நல்ல தாளில், ஓரம் விட்டு, கான்வென்டில் சொல்லிக்கொடுத்தபடி எழுதுகிறேன்.

நீங்கள் வெளிக்காட்டுக் கிராணியாகி, கொழுந்து பறிப்பு, செடி வெட்டும் கவ்வாத்து, மருந்தடிப்பு எல்லாவற்றையும் மேற்பார்க்கத் தொடங்கிய வருடம் தேயிலைத் தோட்டத்தில் நமக்கு மேட்டு வீட்டைக் கொடுத்தார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. மேலே நம் வீடு. கீழே பள்ளத்தில் கூலியாட்கள் குடியிருந்த லயங்கள். நடுவில் சரிவு முழுக்கத் தேயிலை. நம் முன்னறையில் கிழக்குப் பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னல் ஒன்று இருந்தது. மலையில் வெயில் காலையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், மதியத்துக்குள் மூடுபனி இறங்கிவிடும் என்பதால் அந்தச் சன்னல் எனக்குப் பெரிய சொத்தாகத் தெரிந்தது. அதன் கீழே தையல் இயந்திரத்தைப் போட நினைத்திருந்தேன். நீங்கள் தச்சரைக் கூப்பிட்டு இரண்டு அடுக்குப் பலகை அடித்துவிட்டு, சமையலுக்கு வேண்டிய வாசனைச் செடியெல்லாம் இனி இங்கேதான் என்றீர்கள். வருகிறவர்கள் உட்காரும் அறையில் கொத்தமல்லியா என்று கேட்டேன். வெளியே இவ்வளவு மண் சும்மா கிடக்கிறதே என்றும் கேட்டேன். "வெளிய வேணாம்மா. மழையில அழுகிடும்" என்றதற்கு மேல் உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சில நாட்கள் நான் உங்களோடு பேசவில்லை. நீங்கள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

செய்வதென்றால் ஒழுங்காகச் செய்வோம் என்று பிறகு நானே இறங்கினேன். பால்மாவு டின்களின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். காட்டோரத்துக் கறுப்பு மண்ணைச் சலித்து, அடுப்புச் சாம்பலும் காய்ந்த சாணத் தூளும் கலந்தேன். கொத்தமல்லி விதையைப் பூரிக்கட்டையால் உருட்டி இரண்டாக உடைத்து, ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அந்தக் குளிரில் முளைக்கும். எல்லா டின்னிலும் ஒரே நாளில் விதைக்கிறவளுக்குப் பத்து நாள் விருந்து, பிறகு பட்டினி. ஒன்று முளை காட்டும்போது அடுத்ததை விதைத்துவிட வேண்டும். ஒன்றைக் கிள்ளி முடிக்கையில் மற்றது தயாராக நிற்கும். புதினாவுக்கு விதையே வேண்டாம். கடையில் வாங்கிய கட்டிலிருந்து தடித்த தண்டாகப் பொறுக்கி, கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் வேர் விட்டுவிடும். கறிவேப்பிலைதான் என்னைப் படுத்தியது. அது வெயில் ஊர்ப் பிள்ளை. குளிர் மாதங்களில் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டைக் குச்சியாக நிற்கும். கடைசியில் அதை விறகடுப்பின் பின்சுவரை ஒட்டிக் கொண்டுபோய் வைத்தேன். சுவர்ச் சூட்டில் பிழைத்துக்கொண்டது. தண்ணீர் காலையில் மட்டும். மாலையில் ஊற்றினால் இரவுக் குளிரில் வேர் அழுகும். டின்களைத் தினமும் சற்றே திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் செடி கண்ணாடிப் பக்கமே கழுத்தை நீட்டிக்கொண்டு வளரும்.

"நுனியக் கிள்ளு, அடிய விடு" என்பீர்கள். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் சன்னலண்டை போய் நிற்பீர்கள். இல்லை, தவறு. குளித்து, உடை மாற்றி, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிய பிறகுதான் நிற்பீர்கள். செடிக்கு என்ன இவ்வளவு மடி ஆசாரம் என்று நான் கேலிகூடச் செய்திருக்கிறேன். மழைக்காலத்தில் தானா ராத்தா ஊர்க் கடைகளில் கொத்தமல்லி கறுத்துக் குழைந்து கிடக்கும். நம் வீட்டு ரசத்தில் வருடம் முழுதும் பச்சை இலை மிதந்தது. பெரிய கிராணியின் மனைவி, தைப்பூசத்துக்குப் போகிற வழியில் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, இந்த மாதத்தில் உங்களுக்கு மட்டும் எங்கேயிருந்து கிடைக்கிறது என்று பொறாமையோடு கேட்டாள். நான் அந்தச் சன்னலைக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன்.

அந்தப் பெருமை அஞ்சலை வந்துபோன நாளோடு சரி.

அஞ்சலை உங்கள் மருந்தடிக்கும் கும்பலில் இருந்தவள். ஏறக்குறைய என் வயதுதான், குரல் மட்டும் சரிவின் அடியிலிருந்து மேட்டு வீடு வரை கேட்கும். பொங்கலுக்கு மறுநாள், லயத்துக்குப் பின்னால் தானே மண்ணில் போட்ட கொத்தமல்லியைப் பெரிய கட்டாக, வேரோடு கொண்டுவந்தாள். என் டின் செடிகள் அதன் முன்னால் நோஞ்சானாகத் தெரிந்தன. அவளும் அதைப் பார்த்துவிட்டாள். "என்ன கிராணியம்மா, ஒங்க மல்லி சீக்குக் கோழி மாரி நிக்குது. செடின்னா மண்ணுல காலு படணும்லா" என்று சிரித்தாள்.

நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கான்வென்டில் தினமும் காலையில் வரிசையாக நிற்க வைத்து சிஸ்டர்கள் நகத்தைச் சோதிப்பார்கள். அதனால் யார் கை நீட்டினாலும் என் கண் நகத்துக்குத்தான் போகும். அஞ்சலையின் வலது கையில் சில விரல்களுக்கு நகமே இல்லை. மிச்சமிருந்தவை வெளிறி, அடியிலிருந்து கழன்றுகொண்டிருந்தன. என்ன இது என்று கேட்டேன். "மருந்து கலக்குறேன்ல, போயிடும். அப்புறம் மொளைக்கும்" என்றாள். முடி வெட்டிக்கொண்ட செய்திபோல இருந்தது அவள் சொன்ன விதம்.

நீங்கள் வெளியே வந்து இரண்டு கையாலும் அந்தக் கட்டை வாங்கினீர்கள். அவள் வீட்டுக்காரனை விசாரித்தீர்கள். பால் குடிக்கிற குழந்தை சாந்தியை விசாரித்தீர்கள். அவள் சரிவில் இறங்கி மறையும்வரை வாசலிலேயே நின்றீர்கள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் குழி தோண்டி அந்தக் கொத்தமல்லியைப் புதைத்தீர்கள்.

நான் சமையலறையிலிருந்து இறங்கி வந்தேன். "நல்ல மல்லிய ஏன் புதைக்கிறீங்க?"

"சாப்பிட வேணாம்."

"ஏன்னு கேக்குறேன்."

மண்ணைக் காலால் மிதித்துச் சமப்படுத்திய பிறகுதான் பதில் சொன்னீர்கள். "மருந்து டின்னு மேல மண்டையோடு படம் போட்டிருக்கு, நீயும் பாத்திருப்ப. லயத்துக்கு மேல சரிவுலதான் அடிக்கிறோம். காத்து கீழதான் இறங்குது."

"அப்ப அவங்ககிட்ட சொல்லுங்க."

"சொல்லி? அடிக்கிறது நிக்குமா? அடிக்கச் சொல்றவனே நான்தானே."

வீட்டுக்குள் வந்து அந்தச் சன்னலைப் பார்த்தேன். மழைக்குப் பயந்து நீங்கள் அந்தப் பலகையை அடிக்கவில்லை. நீங்கள் தினமும் குளித்துவிட்டுச் செடியண்டை போனதும் மடி ஆசாரம் அல்ல. நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் கண்ணாடி போட்டு வைத்திருந்தீர்கள்.

அந்த வாரமே நீங்கள் பிரிஞ்சாங் கடைகளில் சொல்லிவைத்துக் காலிப் பால்மாவு டின்களைச் சாக்கில் கட்டி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். வேர் விட்ட புதினாவும் முளை கட்டிய கொத்தமல்லியும் டின் டின்னாக லயத்துக்குப் போயின. மண்ணில் நட்டதைத் தூக்க முடியாது, டின்னில் நட்டதைத் தூக்கலாம் என்பது உங்கள் யோசனை. லயத்து அறைகளுக்குப் பலகைச் சன்னல்தான். செடி எந்நேரமும் உள்ளே இருந்தால் வெளுத்துச் சாகும். அதனால் மருந்தடிக்கும் நாளுக்கு முந்தின மாலை நீங்கள் என்னிடம், "நாளைக்கு சட்டி உள்ள" என்பீர்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்குவேன்.

கிராணி வீட்டுப் பெண்கள் லயத்துக்கு இறங்குகிற வழக்கம் அந்தத் தோட்டத்தில் இல்லை. இறங்கினேன். காரணத்தை மட்டும் சொல்லக்கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். சொன்னால் வேலை போகும், வேலையோடு வீடு போகும், அடுத்து வருகிறவன் சட்டியை உள்ளே எடு என்றுகூடச் சொல்லமாட்டான் என்றீர்கள். அதில் எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. நாளைக்குப் பனிக்காற்று, செடி கருகிவிடும் என்பேன். நல்ல மழை பெய்து கழுவுகிறவரை வெளியே எடுக்காதீர்கள் என்பேன்.

என் குடை தெரிந்ததுமே லயத்தில் பேச்சு கிளம்பிவிடும். "ஏய், கிராணியம்மா வர்றாங்க. சட்டிய உள்ள வையி, புருசன வெளிய தள்ளு" என்று அஞ்சலை கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன், சிரித்தால் அடுத்த தடவை பேச்சு எடுபடாது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, எல்லா டின்னும் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறி வருவேன். செடிகள் உள்ளே போகும். பிள்ளைகள் வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் காலையில் அஞ்சலை பம்பைக் கட்டிக்கொண்டு அதே சரிவில் நடப்பாள். இது என் கண்ணில் படாமல் இல்லை. உங்கள் கண்ணில் படாமல் இருக்க நீங்கள் குருடரும் இல்லை.

வருடம் முழுதும் லயத்தில் பச்சை இலை கிடைத்தது என்பது உண்மைதான். குளிர் மாதங்களில் அவர்கள் கறிவேப்பிலை டின்னை அடுப்படியில் வைத்துக் காப்பாற்றினார்கள். ஒருத்தி வீட்டுப் புதினா பட்டுப்போனால் இன்னொருத்தி தண்டு கொடுத்தாள். இதையெல்லாம் பார்க்கும்போது உங்கள் மேல் எனக்கு மரியாதை வரும். ஏறி வரும்போது அது பாதி வழியில் கழன்றுவிடும்.

தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரையின் காதுக்கு விஷயம் போனது. வருட முடிவில் பங்களாவில் ஸ்டாஃப் குடும்பங்களுக்கு அவர் தேநீர் விருந்து வைப்பார். அந்த விருந்துகள் எனக்குப் பிடிக்கும். துரையம்மாவோடு பிழையில்லாமல் ஆங்கிலம் பேசக்கூடிய பெண் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான். அன்று துரை கேக் தட்டோடு நம்மிடம் வந்தார். மருந்தடிக்கிற நாளில் லயத்துச் சனங்கள் செடியைத் தூக்கி ஒளித்து வைக்கிறார்களாமே, யார் அவர்களைப் பயமுறுத்துவது என்று உங்களைக் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பதிலுக்காக நின்றார்.

நீங்கள் என் பக்கம் கையைக் காட்டினீர்கள். என் மனைவிக்குச் செடிப் பைத்தியம் சார், எங்கள் வீட்டில் கொத்தமல்லிக்குக் கம்பளி போர்த்திய பிறகுதான் எனக்கே கம்பளி கிடைக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். முதலில் துரை சிரித்தார். பிறகு பெரிய கிராணி. பிறகு எல்லோரும். துரையம்மா என் கையைத் தட்டிக்கொடுத்து, கொத்தமல்லி நேற்று நன்றாகத் தூங்கியதா என்று விசாரித்தாள். நன்றாகத் தூங்கியது என்றேன். தட்டில் இருந்த கேக்கை முழுதும் சாப்பிட்டேன். மிச்சம் வைப்பது அழகல்ல.

திரும்பி நடக்கையில் தேயிலை முடிகிற இடத்தில் கேட்டேன்.

"என்னப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்க."

"சிரிச்சிட்டுப் போகட்டும். சட்டி உள்ள போகுதில்ல."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"பைத்தியக்காரின்னா யாரும் காரணம் கேக்கமாட்டாங்கம்மா."

நீங்கள் சொன்னபடிதான் ஆயிற்று. அதற்குப் பிறகு துரையும் கேட்கவில்லை, கங்காணிகளும் கேட்கவில்லை. நீங்கள் ஓய்வு பெற்று, நாம் தானா ராத்தாவில் இந்தச் சிறிய வீட்டுக்கு வருகிற வரை தோட்டத்தில் நான் செடிப் பைத்தியம்தான். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவள், தேவாலயப் பாடகர் குழுவுக்குப் பியானோ வாசித்தவள். அதை நான் யாரிடமும் போய் நினைவுபடுத்தவில்லை.

நீங்கள் இறந்தபோது லயத்திலிருந்து லோரி வைத்துக்கொண்டு வந்தார்கள். அஞ்சலை உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு சாமி, சாமி என்று அழுதாள். ஒருத்தியைக்கூட ஏசாத கிராணி என்றாள். அது நிஜம். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அப்புறம் உங்கள் காலைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன்.

அவளும் போன வருடம் போய்விட்டாள். கடைசியில் நெஞ்சு இழுத்துக்கொண்டே இருந்ததாம். மருந்துதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தெரியாததைச் சொல்வது என் வழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தவள் அவள் மகள் சாந்தி. லோரி ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு இப்போது லெம்பா பெர்த்தாமில் இருக்கிறாள். காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே பலகை வீடு, சுற்றிலும் முட்டைக்கோஸ். இரண்டு பிள்ளைகள், சின்னது இன்னும் இடுப்பில். தாயிடம் வாங்கிய டின்களில் அவளும் மல்லி, புதினா வளர்க்கிறாள். ஊருக்குள் வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டாள். தேநீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு அவள் சொன்னாள்:

"பெரியம்மா, அந்தச் சட்டி தூக்குற வேலைய விட்டுடலாம்னு இருக்கேன். அங்க மொதலாளி ஓயாம மருந்து அடிக்கிறான். நான் புள்ளையத் தூக்குவனா, சட்டியத் தூக்குவனா? எங்க வீட்டுக்காரரு வேற சிரிக்கிறாரு. ஒங்கம்மா யாரோ பைத்தியக்காரக் கிராணியம்மா பேச்சக் கேட்டு..." அங்கே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பரவாயில்லை, மேலே சொல் என்றேன்.

"அம்மாகிட்ட ஏன்னு கேட்டா, கிராணியம்மா சொன்னாங்க, அவ்வளவுதான்னு சொல்லும். நெசமா எதுக்கு பெரியம்மா? பனிக்கா?"

பனிக்குத்தான் என்று சொல்லியிருந்தால் அன்றோடு விட்டிருப்பாள். பெர்த்தாம் தாழ்வான இடம். குளிர் அங்கே அவ்வளவு இல்லை. வெளியே நின்ற அந்த மல்லியை அரைத்து இடுப்பிலிருந்த பிள்ளைக்குச் சோற்றில் பிசைந்து ஊட்டியிருப்பாள். உங்கள் யோசனையில் இருந்த குறை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பைத்தியக்காரியிடம் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள், சரி. ஆனால் காரணம் தெரியாத பழக்கம், தூக்குகிறவளுக்கு இடுப்பு வலிக்கிறவரைதான் நிற்கும். காரணத்தைச் சொன்னாலோ, தெரிந்தே அடிக்கச் சொன்னவராகக் கூடவே நீங்களும் வருவீர்கள்.

சொன்னேன். சரிவு, காற்று, டின்னில் போட்டிருந்த படம், நீங்கள் புதைத்த கட்டு, எல்லாம் சொன்னேன். அடிக்கிற நாளில் செடியோடு பிள்ளைகளையும் உள்ளே வை, துணியை உள்ளே எடு, கதவைச் சாத்து என்றேன். ஒரு சன்னலுக்காவது கண்ணாடி போடச் சொல் உன் புருஷனை, வருடம் முழுதும் செடியை உள்ளேயே வளர்க்கலாம், நான் வந்து காட்டுகிறேன் என்றேன்.

சாந்தி தம்ளரைக் கீழே வைத்தாள். "ஐயாவுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அம்மாவுக்கு நகம் போனப்ப?"

"தெரியும்."

பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். "ஐயா ஒரு தடவையாச்சும் தொரகிட்ட கேட்டாரா பெரியம்மா? எங்க லயத்துக்கு மேல மட்டும் அடிக்க வேணாம்னு?"

கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். துரை ஊர் திரும்பி அங்கேயே இறந்துபோனதாகக் கேள்வி. மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஒரு சொல்லில் உங்கள் பெயர் சேதமில்லாமல் நின்றிருக்கும். தெரியாது என்றேன். தெரியாதுதானே.

சாந்தி தம்ளரைக் கழுவி வைத்தாள். நான் கட்டி வைத்திருந்த புதினாத் தண்டுகளை வாங்கிக்கொண்டாள். "சட்டிய உள்ள வைக்கிறேன் பெரியம்மா. புள்ளைங்களையும்" என்றாள். ஒவ்வொரு முறையும் போகும்போது உங்கள் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறவள், அன்று படத்தைத் தாண்டி நடந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அதற்காக உங்களிடம் நான் வருத்தம் தெரிவிக்கப்போவதில்லை. அந்தப் பிள்ளைகள் பிழைக்க வேண்டும். உங்களுக்கு ஒரு கும்பிடு குறையலாம். ஆனால் அவள் கேட்ட கேள்வியை அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை. அது இங்கேயே இருக்கிறது. தினமும் விடிகாலையில் நீங்கள் துரையின் ஆபீசுக்குத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போனீர்கள். ஏதோ ஒரு காலையில், லயத்துக்கு மேலே மட்டும் கையால் களையெடுக்கலாமே சார் என்று கேட்டிருக்கலாம். கேட்டு, திட்டு வாங்கி, என்னிடம் மறைத்திருக்கலாம். நீங்கள் அப்படி மறைக்கக்கூடியவர்தான். ஒருநாளும் வாய் திறக்காமல் டின்களை மட்டும் சுமந்து வந்திருக்கவும் கூடியவர்தான். அத்தனை வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டும், இந்த இரண்டு பேரில் யாருக்கு நான் பரிமாறினேன் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் பெர்த்தாமுக்குப் போய் அவள் வீட்டுச் சன்னலைப் பார்க்க வேண்டும். அவள் மறுபடியும் கேட்பாள்.

துரையிடம் கேட்டீர்களா?